பதினோரு பேருக்குப் பல்லாண்டு

ஸ்துதெனோ நகரத்துத் துணி ஆலை வாசலில், ஜனவரி இருபத்தைந்தாம் தேதி புதன்கிழமை, ரொட்டி கேட்டு நின்ற கூட்டத்தின்மீது பட்டாளத்துக்காரர்கள் சுட்டார்கள். போலீஸ் அறிக்கையில் அது ஒரே வரியாக இருந்தது: 'கூட்டம் அமைதியாகக் கலைந்து சென்றது.' முழுப்பொய் என்றும் சொல்லிவிட முடியாது. கூட்டம் கலையத்தான் செய்தது. பதினோரு பேர் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே கலைந்துவிட்டார்கள். அவர்களைப் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி, வைக்கோலைப் போட்டு மூடி, போலீஸார் எங்கோ கொண்டுபோனார்கள். எங்கே கொண்டுபோனீர்கள் என்று பெண்கள் போய்க் கேட்டபோது, "யாரை?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

உஸ்தீனியாவின் புருஷன் தெரெந்தி அந்தப் பதினோரு பேரில் ஒருவன். ரெண்டாம் கொட்டகையில் நெசவாளி. அவன் மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தான்.

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கவில்லை, ஆனால் அவன் உள்ளே இருந்தான். கோட்டில் நெஞ்சுப் பக்கம் ஒரு ஓட்டை. ஒரு காலில் பூட்ஸ் இல்லை. நேராகப் போய் அடுப்போரம் பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டிக் குளிர் காய்ந்தான். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அவனுக்கு மட்டும் அது போதவில்லை.

"என்ன புள்ள, இன்னும் என்னை எழுதலியா?" என்றான்.

உஸ்தீனியா கத்தியைக் கீழே வைத்தாள். பயந்து ஓடுவதற்கு மனசு வரவில்லை. இருபது வருஷம் கூட வாழ்ந்தவன். அழுவதா, கட்டிக்கொள்வதா, கதவைச் சாத்துவதா என்று ஒன்றும் புரியாமல், "எங்கய்யா எழுதணும்?" என்று கேட்டாள்.

"கோயில்லதான். அங்க, மோட்ச வாசல்ல ஒருத்தர் பெரிய புஸ்தகத்த வெச்சுக்கிட்டு நிக்கறார். ஊர்ல ஒன் பேரை வாசிக்கலியே, நீ எப்படி உள்ள வர்றதுங்கறார். நாப்பது நாள் தவணை குடுத்திருக்கார். அதுக்குள்ள வாசிச்சுட்டா உள்ள விட்டுடுவாங்க."

"வாசிக்கலைன்னா?"

தெரெந்தி ஒற்றை பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இங்கதான் கெடக்கணும். ஆனா நானா இருக்க மாட்டேனாம். ஒண்ணொண்ணா மறந்து போயிடுமாம். கடைசில சும்மா ஒரு குளிரா நிப்பேனாம்."

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் கையில் இரண்டு சீட்டுக் கொண்டுபோவார்கள். உயிரோடு இருப்பவர்கள் பேர் எழுதியது நலச் சீட்டு. செத்தவர்கள் பேர் எழுதியது இளைப்பாற்றிச் சீட்டு. முதல் சீட்டுக்குப் பல்லாண்டு பாடுவார்கள், இரண்டாம் சீட்டுக்கு நித்திய நினைவு பாடுவார்கள். வாசிக்கிறவர் தியாக்கோன் அவ்தேய். பாதிரியாருக்குப் பக்கத்தில் நின்று பேர் சொல்வது அவர் வேலை. ஜன்னல் கண்ணாடி அதிரும் குரல் அவருக்கு. குரலை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது முழுக்கப் பயம்தான். உஸ்தீனியா நீட்டிய இளைப்பாற்றிச் சீட்டை வாங்கிப் பார்த்தவர், கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டவர்போலத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐயோ, இது அந்தப் பதினொண்ணுல ஒண்ணாச்சே! இப்பல்லாம் செத்தவங்க சீட்டுக்குக் காரியாலயத்து முத்திரை வேணும் தாயே. கலக காலம். யாராவது அரசியல்ல செத்தவன் பேர் நடுவுல நுழைஞ்சிடக் கூடாதுன்னு உத்தரவு."

"சாமி, செத்தவன் நுழைஞ்சு என்ன பண்ணிடுவான்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மேல கேளு. என்னை விட்ரு."

மேடு ஏறினால் மறைமாவட்டக் காரியாலயம். மஞ்சள் வண்ணம் அடித்த கட்டடம். அங்கே பேர் வாசிப்புப் பிரிவின் செயலர் காஸ்தோர் லுக்கிச். சும்மா சொல்லக்கூடாது, மரியாதையான மனிதர். யாரையும் விரட்ட மாட்டார். உட்காரச் சொல்வார், தேநீர் ஆறும்வரை பேசுவார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முடியாது என்பார். அவர் தலைக்கு மேல் ஜார் மன்னரின் ஆளுயரப் படம். காஸ்தோர் லுக்கிச் எந்த வாக்கியத்தையும் அந்தப் படத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

"ஏம்மா, நிதானமா கேளு," என்றார். "உன் புருஷன் செத்துட்டான்னே வெச்சுக்குவோம். எதனால செத்தான்? குண்டு பட்டு. குண்டு தானா பறந்து வருமா? ஒருத்தன் சுட்டிருக்கணும். அவனா சுடுவானா? அதிகாரி சொல்லியிருக்கணும். அதிகாரிக்குக் கவர்னர் சொல்லியிருக்கணும். கவர்னருக்கு..." பேனாவால் மேலே காட்டினார். காட்டிய கையோடு எழுந்து ஒரு கும்பிடும் போட்டார். உஸ்தீனியாவும் எழுந்து கும்பிட்டாள். "இப்ப நீயே சொல்லு. ஒரே ஒரு நெசவாளி செத்தான்னு எழுதறதுக்காக இத்தனை பெரிய மனுஷங்களையும் கொலைகாரங்கன்னு நான் எழுதணுமா? உன் புருஷன் ஒருத்தன் கொஞ்சம் உயிரோட இருந்துட்டா, ராஜ்ஜியத்துக்கே மானம் மிஞ்சும். அவனுக்கு அது பெருமை இல்லையா?"

"பெருமைதான் எஜமான். ஆனா அவருக்குக் குளிருதே."

"யாருக்கு?"

"எம் புருஷனுக்கு. வீட்ல வந்து உக்காந்திருக்கார்."

காஸ்தோர் லுக்கிச்சின் முகம் மலர்ந்துவிட்டது. "அடடா! அதை முதல்ல சொல்லக் கூடாதா? வீட்டுக்கு வந்துட்டாரா! அப்ப வா, நலச் சீட்டே எழுதித் தர்றேன். பதினோரு பேருக்கும் சேர்த்தே எழுதிடறேன். இந்தக் காரியாலயத்துல ஈவு இரக்கம் இல்லேன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது."

முத்திரை குத்திய சீட்டு தியாக்கோன் அவ்தேய் கைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை அவர் குரலெடுத்து வாசித்தார். முதலில் எப்போதும்போல ஜார் மன்னர், முழுப் பட்டங்களோடு. பிறகு மகாராணி, பட்டத்து இளவரசர், ஆயர். அப்புறம் உயிரோடிருப்பவர்கள் வரிசையில் தெரெந்தியும் மற்றப் பத்துப் பேரும். பாடகர் குழு பல்லாண்டு பாடியது. அந்தப் பதினோரு பேர் வீட்டுப் பெண்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எங்கே கும்பிடுவது, எங்கே அழுவது என்று ஒருத்திக்கும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் தெரெந்தி பெஞ்சில் சுருண்டு கிடந்தான். நெஞ்சுக் காயத்திலிருந்து ரத்தம் புதிதாக வழிந்தது.

"என்ன பண்ணினீங்க அங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"நீ நல்லாயிருக்கணும்னு பாடினாங்க."

"வேணாம் புள்ள. அவங்க பாடப் பாட, குண்டு மறுபடி மறுபடி உள்ள போவுது. ஆயுசு நூறுன்னா, நூறு வருஷத்துக்குமா இது?"

மற்றப் பத்து வீட்டுக்கும் இப்படியே திரும்பி வந்திருந்தவர்களுக்கும் அதே கதை. அடுத்த ஞாயிறும் பாடினார்கள். அந்த வாரம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்திலிருந்து தெரெந்தி பேருக்கு ஒரு ஓலை வந்தது. நலச் சீட்டில் பேர் இருக்கிறது, வயது முப்பத்தெட்டு, ஆளோ ஆலைக்கு வருவதில்லை. ஆகவே மூன்றாம் வருஷமாக நடக்கிற யுத்தத்துக்குப் போக வேண்டியது. உஸ்தீனியா அதை யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டு, வந்து புருஷனிடம் சொன்னாள். தெரெந்தி ரொம்ப நேரம் யோசித்தான்.

"ஒரு தடவை சுட்டாச்சே. இன்னொரு தடவையுமா?" என்றான்.

தவக்காலம் தொடங்கியது. கோஸ் சூப்பும் கறுப்பு ரொட்டியும்தான் சாப்பாடு, அந்த ரொட்டிக்கும் விடியற்காலையிலிருந்து வரிசை. தெரெந்தி மறக்கத் தொடங்கியிருந்தான். முதலில் அவன் ஊர் ஆற்றின் பேர் போனது. பிறகு தறியில் எந்தக் கையால் நூல் ஓடம் எறிவது என்பது போனது. பெஞ்சில் உட்கார்ந்து காற்றிலே இரண்டு கையையும் மாற்றி மாற்றி வீசிப் பார்த்தான். அதைப் பார்த்ததும் உஸ்தீனியா எழுந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி மேடு ஏறினாள்.

காஸ்தோர் லுக்கிச் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நலச் சீட்டுலேர்ந்து இளைப்பாற்றிச் சீட்டுக்குப் பேரை மாத்தணும்னா வழி இல்லாம இல்லை. சம்பந்தப்பட்டவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

அவர் அதை முடியாது என்பதற்குப் பதிலாகத்தான் சொன்னார். உஸ்தீனியாவுக்கு அது தெரியவில்லை. மறுநாள் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பட்டப்பகலில், ஒற்றை பூட்ஸோடு, தெரு நடுவே அவன் நடந்து போனான். எதிரே வந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். போலீஸ்காரன் மட்டும் ஒதுங்கவில்லை. கலைந்து போனவர்கள் எல்லாம் மறுபடி எங்கே கூட்டம் கூடுகிறீர்கள் என்று அதட்டினான்.

கையெழுத்துப் போட வந்து நின்றவனைக் காஸ்தோர் லுக்கிச் எழுந்து வரவேற்றார். குதிக்காத குறைதான்.

"பாத்தியாம்மா, பாத்தியா! நான் என்ன சொன்னேன்? செத்தவன் எங்கயாவது காரியாலயத்துக்கு நடந்து வருவானா?"

"ஐயா, நான் செத்துட்டேன்," என்றான் தெரெந்தி.

"அது உங்க சொந்த அபிப்பிராயம். சொந்த அபிப்பிராயத்தை இங்க வாங்கறதில்லை."

"நெஞ்சுல ஓட்டை இருக்குங்க."

காஸ்தோர் லுக்கிச் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஓட்டை வழியாகப் பின்னால் இருந்த சுவர்க் கடிகாரம் தெரிந்தது. மணி பதினொன்றேகால்.

"கோட்டுதான் கிழிஞ்சிருக்கு. நல்ல தையல்காரனா பாருங்க," என்றார். பிறகு நாடி பிடித்தார், நியாயமான மனிதர் இல்லையா. காகிதத்தில் அவர் எழுதியதை அவரே உரக்கப் படித்தும் காட்டினார்: "மனுதாரரின் நாடி கிடைக்கவில்லை. காரணம், மனுதாரர் ஒத்துழைக்க மறுத்தது. உடல் குளிர்ந்திருக்கிறது. காரணம், பருவநிலை. மனுதாரர் உயிரோடிருப்பதாக மனுதாரரின் வருகையே நிரூபிப்பதால் மனு தள்ளுபடி." படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மனசுல வெச்சுக்காதீங்க. முந்நூறு வருஷமா இந்த ராஜ்ஜியம் எதனால நிக்குதுன்னு நினைக்கறீங்க? படையாலயா? இல்லை. கண் முன்னால நிக்கறதைப் பாத்துட்டு, இல்லைன்னு எழுதத் தெரிஞ்ச நாலு பேரால. அதுல நான் ஒருத்தன்."

திரும்பி வரும்போது தெரெந்தி வீட்டுக்கு வழி எது என்று அவளைக் கேட்டான்.

அதற்குப் பிறகு அவள் தியாக்கோன் அவ்தேயை விடவில்லை. காலையில் கோயில் படியில், மத்தியானம் அவர் வீட்டு வாசலில், சாயங்காலம் மணிக்கூண்டு அடியில். "தெரெந்தி சாவிச், சாமி. ரெண்டாம் கொட்டகை நெசவாளி. மறந்துடாதீங்க." பாவம் மனிதர், தூக்கத்திலும் அந்தப் பேரை முனகுவதாக அவர் மனைவி வந்து சண்டை போட்டாள். முத்திரை இல்லாமல் வாசித்தால் அங்கியைக் கழற்றி மடத்துக்கு விறகு வெட்ட அனுப்பிவிடுவார்கள் என்று அவர் கெஞ்சினார். அவர் சொன்னதும் நிஜம்தான்.

மார்ச் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை ரயில்காரர்கள் ஒரு செய்தி கொண்டுவந்தார்கள். தலைநகரத்தில் ரொட்டி வரிசையில் கிளம்பிய சண்டை பெரிதாகி, பட்டாளமே ஜனங்கள் பக்கம் சேர்ந்துவிட்டதாம். ஜார் மன்னர் முடியைத் துறந்துவிட்டாராம். ஊர் அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. கவர்னர் மாளிகையில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டார்கள். போலீஸ்காரனைத் தெருவில் காணோம்.

சனிக்கிழமை முப்பத்தொன்பதாம் நாள். அன்று காலை தெரெந்தி உஸ்தீனியாவை ஏற இறங்கப் பார்த்தான். "நீ யாரும்மா? இந்த வீட்ல ஒரு பொம்பள இருப்பாளே, அவ எங்க?" என்று கேட்டான்.

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடு ஏறினாள்.

காரியாலயத்தில் குமாஸ்தாக்கள் யாரும் இல்லை. காஸ்தோர் லுக்கிச் மட்டும் தன் நாற்காலியில், முழு உடுப்பில், பதக்கம் எல்லாம் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேநீர் வைக்கக்கூட ஆள் இல்லை. படம் மேலே தொங்கியது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

"எஜமான், இப்பவாவது முத்திரை போடுங்க," என்றாள் உஸ்தீனியா. "நாளைக்குத் தவணை முடியுது. தடுக்கறதுக்குத்தான் இனி மேலிடத்துல யாரும் இல்லையே."

"யார் சொன்னது இல்லைன்னு? ஒரு தந்தி வந்திருக்கு. அந்தா, இழுப்பறைக்குள்ள. நான் பிரிக்கலை. பிரிக்காத வரைக்கும் எல்லாரும் இருக்காங்க."

"பிரிச்சுத்தான் பாருங்களேன்."

"பிரிச்சா?" அவர் குரல் கம்மியது. "முத்திரைல ராஜாவோட ரெட்டைத்தலைக் கழுகு இருக்கும்மா. அவர் இருந்தா, உனக்கு முத்திரை போடறது குத்தம். அவர் இல்லைன்னா, இது முத்திரையே இல்லை, வெறும் மரக்கட்டை. எந்தப் பக்கம் பாத்தாலும் உனக்கு ஒண்ணும் செய்ய முடியாத மாதிரிதான் இதைக் கட்டியிருக்காங்க. இத்தனை நாள் இந்த அமைப்பை நெனச்சு நான் பெருமைப்பட்டேன்."

பிறகு காஸ்தோர் லுக்கிச் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, தெரெந்தியின் பக்கத்தில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்.

"ஏம்பா, உன்னை ஒண்ணு கேக்கறேன். அந்தப் பக்கம் வரிசை ரொம்ப நீளமா? உத்தியோகஸ்தங்களுக்குத் தனி வாசல் ஏதாவது உண்டா?"

தெரெந்தி அவரைப் பார்த்தான். "எந்தப் பக்கம்?" என்றான். அவனுக்கு அதுவும் மறந்துவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. செய்தி நிஜமா என்று தெரிந்துகொள்ள ஊரே வந்திருந்தது. வேறெங்கே தெரியும்? தியாக்கோன் யார் பேரை முதலில் சொல்கிறாரோ அவர்தான் ராஜா. முன்வரிசையில் காஸ்தோர் லுக்கிச், போலீஸ் தலைவர், ஆலை மேலாளர். பின்னால் ஜனங்கள். பதினோரு பெண்கள் ஒன்றாக நின்றார்கள். கதவோரம், செத்த பதினோரு பேர் நின்ற இடத்தில் மட்டும் கூட்டம் சேரவில்லை. அங்கே போனால் குளிர்ந்தது.

முதல் பேர் யாருடையது என்று மேலிடத்திலிருந்து எந்த உத்தரவும் வரவில்லை. அந்த இடம் வரும்போது இருமிவிட்டுத் தாண்டிவிடு என்று பாதிரியார் தியாக்கோனிடம் சொல்லியிருந்தார். அவ்தேயும் சரி என்றுதான் தலையாட்டினார். ஆனால் முப்பத்தொரு வருஷப் பழக்கம். அந்த இடம் வந்தது, அவர் நெஞ்சு தானாக விரிந்தது, வாய் தானாகத் திறந்தது.

"மிகுந்த பக்தியுள்ளவரும், தனியாட்சி செலுத்துபவரும், மாட்சிமை மிக்கவருமாகிய எங்கள் பேரரசர்..."

நின்றுவிட்டார். மூச்சு பாதியில் நிற்கிறது, அடுத்த சொல் இல்லை. இருமலும் வரவில்லை. கோயில் முழுக்கத் தலையைக் குனிந்து காத்திருந்தது. முன்வரிசைக்காரர்கள் சிலுவை போட விரலைச் சேர்த்துவிட்டார்கள். மெழுகுவத்தி எரிகிற சத்தம் கேட்டது. அந்த மனிதரின் முகம் கறுத்து, கண் பிதுங்கியது. முந்நூறு வருஷம் ஒரு பேர் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்ததைத் தாங்க அவரால் முடியவில்லை.

அவர் கண் உஸ்தீனியாமேல் விழுந்தது. அவள் உதடு அசைந்தது, இத்தனை நாளாக அசைந்த மாதிரியே.

"...தெரெந்தி சாவிச்!" என்று இடியாய் முழங்கினார் தியாக்கோன் அவ்தேய். "ரெண்டாம் கொட்டகை நெசவாளி! ஆலை வாசலில் சுடப்பட்டுச் செத்த ஆண்டவரின் அடியான்! அவருக்கு நித்திய இளைப்பாற்றியும், நித்திய நினைவும்!"

ஜன்னல்கள் அதிர்ந்தன. பட்டங்களைக் கேட்டதுமே முன்வரிசை முழுக்க முழங்காலில் விழுந்திருந்தது. காஸ்தோர் லுக்கிச் நெற்றியால் தரையைத் தொட்டார். பாதி வணக்கத்தில்தான் யாரை வணங்குகிறோம் என்பது அவருக்கு உறைத்தது. எழுந்திருக்கவும் முடியவில்லை, வணக்கத்தை முடிக்கவும் முடியவில்லை. பாடகர் குழுவுக்கு யோசிக்கிற வழக்கம் கிடையாது. காதில் விழுந்ததைப் பாடிவிட்டார்கள். "நித்திய நினைவு" என்று மூன்று முறை.

அப்புறம் யார் நிறுத்துவது? "கிரீன்யா மகன் மகார்!" என்று ஒருத்தி கத்தினாள். "சாயப்பட்டறை நஸார்!" என்றாள் இன்னொருத்தி. "எம் பையன் ப்ரோவ்! பத்தொம்பது வயசு!" பெண்கள் கத்தக் கத்த, அவ்தேய் அழுதுகொண்டே ஒவ்வொரு பேரையும் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் சக்கரவர்த்தியின் முழுப் பட்டங்களையும் சூட்டி வாசித்தார். அவருக்கு வேறு மாதிரி வாசிக்கத் தெரியாது. பயம் எங்கே போயிற்றோ. பதினொன்று முடிந்தபோது கோயில் முழுக்க ஜனங்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

உஸ்தீனியா கதவுப் பக்கம் திரும்பினாள். அவர்கள் கிளம்பிவிட்டார்கள். வேலை முடிந்து ஆலையைவிட்டுப் போகிறவர்கள்போல, ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். தெரெந்தி மூன்றாவது ஆள். அவன் நிமிர்ந்து நடந்தான்.

"யோவ்!" என்றாள் அவள். திரும்பிப் பார்த்தால் போதும் என்று இருந்தது. ஒரே ஒரு தடவை. இத்தனை நாள் அவனை அனுப்பத்தான் ஓடினாள், அனுப்பியும் விட்டாள். இப்போது அவன் போகக் கூடாது என்று அவள் உடம்பு முழுக்கக் கத்தியது. அவன் திரும்பவில்லை. வெளியே வெயிலில் பனி பளபளத்தது, அங்கே யாரும் இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஓலமிட்டாள். புருஷன் செத்துப்போனான் என்று ஊர் கேட்க அழுதாள்.

முன்வரிசையிலிருந்து காஸ்தோர் லுக்கிச் தவழ்ந்தாற்போல வந்து அவள் பக்கத்தில் குனிந்தார். பதக்கம் கோணலாகத் தொங்கியது. முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏம்மா, மெதுவா, மெதுவா," என்று கிசுகிசுத்தார். "அழறதுக்கு மேலிடத்துலேர்ந்து இன்னும் உத்தரவு வரலை."

"எந்த மேலிடம்?" என்று கேட்டாள் உஸ்தீனியா.

காஸ்தோர் லுக்கிச் அண்ணாந்து பார்த்தார். வாயைத் திறந்தார். பதில் சொல்லத்தான் பார்த்தார். அது வரும்வரை அவள் காத்திருக்கவில்லை, குரலெடுத்து அழுதாள்.